மடிக்கணினி விளையாட்டின் தளர்ச்சியும் அதன் காரணமும்

கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ்ப் பகுதியில் எழுதப் புகுதல் தகுமோ என்று நம் பேராசிரியரிற் சிலர் வினவக்கூடும். ஆயினும் ஒரு குடும்பத்தின் வெங்காய விளைச்சற் பணம் இப்பொருளில் அடங்கிக் கிடந்தமையின் துணிந்து எழுதலானேன்.

என் மாமன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தில் சிறிது நிலமும் உடையவர். சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போன ஓர் ஆண்டில் மகனது பொறியியற் படிப்பிற்கென ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தார். ஈராண்டு செல்லவே, அதிற் பந்தாட்டம் ஆடுங்கால் படம் தத்தித் தத்தி நகரலாயிற்று. பாடத்திற்குரிய வரைபட மென்பொருளும் அவ்வாறே தள்ளாடிற்று. பழுது பார்ப்பவர் ஒருவர், மதர்போர்டு கெட்டதென்று கூறிப் புதியதன் விலையிற் பாதியைக் கேட்டார். மாமனோ, ஆட்டமே கருவியைக் கெடுத்ததென்று சினந்து அதனை விற்றுவிடத் துணிந்தார். கோடை விடுமுறைக்கு யான் அங்குச் சென்றது அவ்வேளையிலேயாம்.

நோயை அறியுமுன் மருந்து தேடலாகாதன்றோ? முதலிற் செய்யத்தக்கது அளத்தல். திரையில் நாம் காணும் இயக்கம் உண்மையில் நிலைப்படங்களின் விரைந்த வரிசையே. விநாடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 17 மில்லி விநாடிக்குள் கணினி தீட்டி முடித்தல் வேண்டும். அவ்வெண்ணைத் திரையின் மூலையிற் காட்டும் வசதி பல விளையாட்டுகளில் உண்டு. அதனை நோக்கியிருந்தோம். தொடக்கத்தில் 60-ஐ ஒட்டி நின்ற எண் பத்து நிமிடங் கழிந்தபின் 20-க்குக் கீழ் இறங்கிற்று. பாதி விடை அப்பொழுதே கிடைத்துவிட்டது. முதலிலிருந்தே மந்தமாயின், ஆற்றற் குறைவு, மின்னிணைப்பின்றிப் பாட்டரியில் ஓடுதல், பழைய டிரைவர் முதலியவற்றை ஐயுறலாம். நன்றாய் ஓடிப் பின்னர்த் தளர்வது பெரும்பாலும் வெப்பத்தின் வேலை.

செயலி தன் வெப்பத்தைத் தானே அளந்துகொள்ளும் இயல்பினது. பல செயலிகட்கு எல்லையாகிய 100 பாகை செல்சியஸை அணுகுங்கால், எரிந்தொழியாவண்ணம் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உச்சிவெயிலில் உழவன் மரநிழலுக்கு ஒதுங்குவது போலும். அவ்வெப்பத்தை வெளியேற்றச் செப்புக் குழாயும், நெருங்கிய உலோக இதழ்களும், ஒரு சிறு விசிறியும் உள்ளே அமைந்துள்ளன. மின்னிணைப்பையும் பாட்டரியையும் நீக்கியபின் அடிமூடியைக் கழற்றினோம். இதழ்களினிடையே வெண்சாம்பல் நிறத் தூசி கம்பளம்போற் படிந்திருந்தது! வீட்டு வாயிலில் நாள்தோறும் லாரிகள் செல்வதைக் கண்டோர்க்கு இதில் வியப்பில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் கிரெடேசியஸ் காலத்துக் கடலடியிற் படிந்தது. அக்கடலுயிர்களின் ஓடுகள் பல கோடி ஆண்டு கழித்து வந்து என் மாமன் மகனது பந்தாட்டத்தைத் தடுத்தன என்று எண்ண எனக்கு நகையே வந்தது.

மென்தூரிகையாலும் காற்றூதியாலும் தூசியை ஒரு செய்தித்தாளின்மேல் உதிர்த்தோம். ஊதுங்கால் விசிறியை விரலாற் பிடித்துக்கொள்ளல் வேண்டும். கட்டின்றிச் சுழலின் அதன் அச்சுக்குக் கேடு. உலர்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றும் வேலையை மட்டும் பெரம்பலூரில் ஒரு கைதேர்ந்தவரிடம் விட்டோம். மெத்தைமேல் வைத்து ஆடுவதையும் அவன் கைவிட்டான். மெத்தை காற்றுத் துளைகளை அடைத்துவிடும்.

செலவின்றிச் செய்யத்தக்கது இன்னும் ஒன்றுண்டு. 1920-க்கு 1080 என்னும் திரையளவில் 20,73,600 புள்ளிகள் உள. விளையாட்டின் அமைப்பில் அதனை 1280-க்கு 720 ஆக்கின் 9,21,600 புள்ளிகளே. தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கருவிக்கு இஃது எத்துணைச் சுமைக் குறைவு! அத்தகைய கருவி ரேமையே படத்திற்கும் பங்கிட்டுக்கொள்வதாதலின், ஒரே ரேம் பலகை உள்ளவர் ஒத்த இரண்டாவதொன்றைச் சேர்ப்பதும் நலம்.

கருவி திரும்பி வந்த மாலையில் மீண்டும் ஆடினோம். அரைமணி கழிந்தும் எண் 50-க்குக் கீழ் இறங்கவில்லை. விற்கும் பேச்சு ஒழிந்தது. ஆயின் மாமன் திரையை நோக்கினாரல்லர். எடுத்து வைத்திருந்த செய்தித்தாளின் தூசியை விரலால் தொட்டுப் பார்த்து, “மாப்பிள்ளை, ஈராண்டில் இதற்குள் இவ்வளவு என்றால், பத்தாண்டாய் லாரி ஓட்டும் என் நெஞ்சுக்குள் எவ்வளவு இருக்கும்?” என்றார்.

யான் விடை கூறவில்லை. மறுநாள் அவர் மகன் கடைவீதிக்குச் சென்று இரண்டு முகக்கவசங்கள் வாங்கி வந்து லாரியின் இருக்கையில் வைத்தான்.