பூரானும் அதன் பெயர்முறையும்

சென்ற விடுமுறையில் மாணாக்கர் சிலரேம் திருப்பெரும்பூதூரை அடுத்த ஒரகடத்தில் நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தோம். ஆலை மதிலை ஒட்டிய புறம்போக்கில் கல்லொன்றைப் புரட்டியபோது செந்நிறப் பிராணி ஒன்று விரைந்து நெளிந்தது. அஞ்சி அதனைத் தடியால் அடித்துக் கொன்றோம். அதன் பின்னரே எம்முள் வழக்கு எழுந்தது. ஒரகடத்தார் அதனைப் பூரான் என்றார்; திருநெல்வேலியார் செய்யான் என்றார்; யாழ்ப்பாணத்தார் மட்டத்தேள் என்றார்.

ஒரு பொருட்குப் பல பெயரும், பல பொருட்கு ஒரு பெயரும் வழங்குதல் உலகியல்பு. ஒருசொற் பல்பொருளுக்கென நம் நிகண்டு நூலார் தனித் தொகுதியே வகுத்தனர். எனினும் உயிர்நூலுக்கு ஓருயிர்க்கு ஒரு பெயரே வேண்டும். அது கருதியே சுவீடன் தேயத்து லின்னேயஸ் என்பார் 1758ஆம் ஆண்டு விலங்குகட்கெல்லாம் இருசொற் பெயர் அமைத்தார். முன்னது பேரினத்தையும், பின்னது அதனோடு கூடிச் சிற்றினத்தையும் உணர்த்தும். ஸ்கோலோபெண்ட்ரா மார்சிடன்ஸ் என்பது அவர் இட்ட பெயர். பிற்சொற்குக் கடிப்பது என்பது பொருள். நம் நாட்டுப் புலிநிறப் பூரானுக்கு 1844இல் நியூபோர்ட் என்பார், ஹார்ட்விக் என்னும் படைத்தலைவர் நினைவாக ஸ்கோலோபெண்ட்ரா ஹார்ட்விக்கை எனப் பெயரிட்டார். 1920இல் சேம்பர்லின் என்பார் வேறொன்றற்கு எத்மோஸ்டிக்மஸ் கூனூரானஸ் எனப் பெயரிட, நமது குன்னூரும் அறிவியல் ஏட்டில் இடம்பெற்றது.

இனி, வகுக்குமாறு காண்போம். மரவட்டைக்குப் பெரும்பாலான கண்டந்தோறும் இருவிணைக் கால்கள், பூரானுக்கோ ஓரிணையே. முதிர்ந்த பூரானின் காலிணைகள் 15 முதல் 191 வரை ஒற்றைப்படையாகவே அமைதலின், நூறுகால் என்னும் பெயர் எண்ணளவில் எதற்கும் பொருந்தாது. இன்றுள்ள பூரான்கள் ஐந்து வரிசைகளுள் அடங்கும்; விவரிக்கப்பட்ட சிற்றினங்கள் 3,000க்கு மேற்பட்டன.

யாம் கொன்றதன் கால்களை எண்ணினோம். 21 இணை இருந்தன. ஆகவே அது ஸ்கோலோபெண்ட்ரோமார்ஃபா வரிசையினது எனத் துணிந்தோம். சிற்றினம் துணிதற்கு உணர்கொம்பின் கணுக்களையும், அவற்றுள் மயிரற்றவை எத்துணை என்பதையும், நச்சுக்கால் அடியிலுள்ள பற்களையும் நோக்குதல் வேண்டும். அந்தோ! எம் தடியடியால் தலை சிதைந்துபோயிற்று. பூரான் என்பதற்கு மேல் பெயர் கூற இயலாது நின்றோம்.

ஆலைகள் எழுதற்பொருட்டு நிலம் நிரவப்படும் அவ்வட்டாரத்தில் எத்துணைக் கற்கள் புரட்டப்பட்டிருக்கும்! பெயரறியாத உயிர் அழியின், அழிந்தது யாதென்றேனும் எவர் உரைப்பர்? ஆதலின், மாணவத் தோழர்காள், கல்லைப் புரட்டுங்கால் கையைக் காத்து விலகி நின்று, முதலில் நோக்குவோமாக, தடியை நாடாதிருப்போமாக.