641 எப்படி அகப்பட்டது?

கேள்வி: 4294967297 பகா எண் என்று பெர்மா நம்பினார் என்றும், அதை 641 மீதியின்றி வகுக்கும் என்று ஆய்லர் கண்டுபிடித்தார் என்றும் படித்தேன். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இது எப்படி முடிந்தது? ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்தாரா?
- பதினோராம் வகுப்பு மாணவி

பதில்: அப்படிப் பார்த்தாலும் 641 கிடைத்திருக்கும். அதற்கு முன் 115 பகா எண்கள்தான் உள்ளன. ஆனால் காரணி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாது. இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டும். அதுவரை 6542 பகா எண்கள்! இந்தத் தேடலைச் சுருக்கும் வழி, எண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது.

4294967297 என்பது 2³² + 1. இதை வகுக்கும் பகா எண் p என்று கொள்ளுங்கள். 2³²-ஐ p-ஆல் வகுத்தால் மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. மீதி 1 வரும் அடுக்குகள் எல்லாம் அவற்றில் மிகச் சிறியதன் மடங்குகளே; எனவே அப்படி வந்தால் 2³²-க்கே மீதி 1 ஆகிவிடும். பெர்மாவின் சிறு தேற்றப்படி, p−1 ஆம் அடுக்கில் மீதி 1 வந்தே தீரும். ஆகவே p−1 என்பது 64-இன் மடங்கு.

அதாவது, 64-இன் மடங்கோடு 1 கூட்டினால் வரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! 1732-இல் 641 × 6700417 என்ற காரணிகளை அறிவித்த ஆய்லர், இந்த விதியைப் பின்னாளில் நிரூபித்தார். இதற்குத் தேவையான தேற்றம் 1640-இலேயே பெர்மாவின் கையில் இருந்தது.

641 வகுக்கும் என்பதை நீங்களே பெருக்காமல் சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. மறுபுறம் 641 = 5⁴ + 2⁴; ஆக 5⁴-க்குப் பதில் −2⁴ எழுதலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. அப்படியானால் 2³² + 1-க்கு மீதி பூஜ்யம்.

பெர்மாவின் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1 என்று அடுக்கு இரட்டித்துச் செல்லும் வரிசையில் 2³² + 1-க்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். அவற்றைப் பெருக்கினால் 4294967295, நம் எண்ணுக்கு இரண்டே குறைவு. அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியும் என்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு அத்தனை பக்கங்கள். 65537-க்குப் பின் இவ்வரிசையில் இன்னொரு பகா எண் இதுவரை அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஐந்து உதாரணங்கள் ஒரு கேள்வியைத் தரலாம், விடையை நிரூபணம்தான் தரவேண்டும்.