ஒரு வினைச்சொல் மாறினால்...



ஆங்கிலத்தில் கஷ்டமான வெர்ப்களை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? நம்மில் பலருக்கும் இந்தக் கவலை உண்டு. நானும் நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ் என்று தினமும் பத்து வெர்ப் மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் என்ன ஆச்சு தெரியுமா? "நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன" என்பதை மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்கள். 'ஸ்கேட்டர்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ரிஃப்ளெக்ட்' என்று எழுதிவிட்டேன். மார்க் போச்சு!

"ஒளி பட்டுத் திரும்புது, அவ்வளவுதானே சார்? ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டேன். சார் சிரித்துவிட்டு, "இந்த ஒரு வித்தியாசத்துக்குள்ள நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் கதையே இருக்குடா" என்றார். அந்தக் கதை இதுதான்.

நம்ம திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்தவர் சர் சி.வி. ராமன். 1921-இல் இங்கிலாந்து போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீல நிறத்தைப் பார்த்து வியந்தார். வானம் ஏன் நீலம் என்று விளக்கிய ராலே பிரபு, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று கருதியிருந்தார். அதாவது, கடல் வானத்தை 'ரிஃப்ளெக்ட்' செய்கிறது. ராமன் அப்படியே நம்பிவிடவில்லை. நிக்கல் பட்டகம் என்ற கருவியால், நீரின் மேற்பரப்பில் எதிரொளித்து வரும் ஒளியைத் தடுத்துப் பார்த்தார். அப்போதும் நீலம் போகவில்லை! தண்ணீரே ஒளியை 'ஸ்கேட்டர்' செய்கிறது என்று அந்த ஆண்டே 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். அந்த ஆராய்ச்சி தொடர்ந்து, 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவில் போய் முடிந்தது. 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தண்ணீர் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சிவிடுவதும் கடல் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்று இன்று அறிவியல் சொல்கிறது. அதற்கு வேறொரு வெர்ப்: 'அப்சார்ப்'. பார்த்தீர்களா? வெர்ப் மாறினால் காரணமே மாறிவிடுகிறது!

இனி இவற்றைப் பிரித்துப் படிப்போம்.

ரிஃப்ளெக்ட் – எதிரொளி. முகம் பார்க்கும் கண்ணாடி செய்வது. இதோடு 'ஆன்' சேர்ந்தால், ஒன்றைப் பற்றி ஆழ்ந்து யோசிப்பது என்று பொருள்.

ஸ்கேட்டர் – சிதறடி. புறாவுக்கு அரிசியை இறைக்கிறோமே, அது மாதிரி பல திசையிலும் போவது.

அப்சார்ப் – உட்கவர், உறிஞ்சு. கறுப்புத் துணி ஒளியை உறிஞ்சும். பாடத்தை நன்றாக உள்வாங்குவதற்கும் இதே சொல்தான்.

ரிஃப்ராக்ட் – ஒளியை விலகச் செய். காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும்போது ஒளி திசை மாறுவது இதனால்தான்.

டிஸ்பெர்ஸ் – பிரி, கலை. முப்பட்டகம் வெள்ளொளியை ஏழு நிறமாகப் பிரிக்கும். தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் கலைகிறதே, அதுவும் டிஸ்பெர்ஸ்தான்.

எமிட் – உமிழ், வெளிவிடு. விளக்கு ஒளியை உமிழும். எமிட், அட்மிட், பெர்மிட், சப்மிட் இந்த நான்குக்கும் இறந்தகாலத்தில் கடைசி 'டி' எழுத்து இரண்டாகும். ஆனால் 'லிமிட்'டுக்கு ஆகாது. ஏமாந்துடாதீங்க!

ஆகவே நண்பர்களே, ஒரு வெர்ப்புக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். யார் செய்கிறார்? எதைச் செய்கிறார்? செய்தபின் அது என்ன ஆகிறது? இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். பக்கத்தில் அதே போன்ற இன்னொரு வெர்ப்பையும் வைத்துப் பாருங்கள். நான் இப்போது நோட்டில் அப்படித்தான் எழுதுகிறேன். தினமும் பத்து இல்லை, இரண்டே இரண்டு. மறக்கவே மாட்டேங்குது!

உங்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி. எந்த வெர்ப் பொருந்தும்?

1. டம்ளர் தண்ணீரில் வைத்த பென்சில் வளைந்த மாதிரி தெரிகிறது.
2. காவிரித் தண்ணீரில் நிலாவின் உருவம் தெரிகிறது.
3. தரையில் கொட்டிய தண்ணீரைத் துணி இழுத்துக்கொள்கிறது.

விடைகள்: 1. ரிஃப்ராக்ட் 2. ரிஃப்ளெக்ட் 3. அப்சார்ப்



– பத்தாம் வகுப்பு மாணவன்