வெள்ளத் துயரும் வைணவன் கடமையும்

சித்திரா பௌர்ணமி இரவில் காஞ்சி ஸ்ரீ வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்திற்கு எழுந்தருளி, நடவாவிக் கிணற்றின் படிகளில் இறங்கி, உள்ளிருக்கும் மண்டபத்தில் சேவை சாதிக்கும் திருக்கோலத்தைக் கண்டு களிக்க அன்பர்கள் திரண்டு வருகின்றனர். அருகிலேயே ஸ்ரீ லக்ஷ்மீகுமார தாதாசார்யர் வெட்டுவித்த பெருங்குளம் பரந்து கிடக்கிறது. குளம், கிணறு, சற்றுத் தொலைவில் பாலாறு என்று நீரைச் சுற்றியே இவ்வூரின் பெருமை அமைந்துள்ளது. இங்கு நீர் என்றாலே அருள் என்று பொருள். ஆயினும் அதே நீர் வரம்பு கடந்தால் என்னாகும் என்பதையும், அப்போது அடியார்களாகிய நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் சிறிது சிந்திப்போம்.

ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் காட்சி தரும் பாலாறு, 1903ஆம் ஆண்டு நவம்பரில் பெருக்கெடுத்து வாணியம்பாடியைச் சூறையாடியது. 2021 நவம்பரிலும் அது இருகரை தொட்டுப் பாய்ந்ததைப் பலர் கண்டிருப்பர். 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரு நாளில் 49 செ.மீ. பதிவாயிற்று. ஏரிகள் நிரம்பின, அடையாறு கரை மீறியது, மாடமாளிகையும் குடிசையும் ஒருசேர நீரில் நின்றன. வெள்ளத்திற்கு ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இல்லை. ஆனால் வெள்ளம் வடிந்தபின் எழுந்து நிற்க இயலாமல் தவிப்பவர் ஏழையரே.

2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரை கண்ட துன்பம் இன்னும் நம் நினைவில் உள்ளது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டிற்று. டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட ரயில், மேற்கொண்டு செல்ல வழியின்றி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தின் அடியில் இருந்த சரளைக் கற்களை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள் அதில் இருந்தனர். ஒரு பகுதியினர் பள்ளி ஒன்றில் தங்கவைக்கப்பட்டனர். மற்றோர் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டனர். சாலையும் இல்லை, செய்தியும் இல்லை.

அவ்வேளையில் உதவிக்கு வந்தவர் யார்? அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள். தாமும் மழையில் அவதியுற்றிருந்தபோதிலும், தம்மிடம் இருந்த பொருளைத் திரட்டி, ஊர்க் கோயிலில் உலை வைத்துச் சமைத்து, முன்பின் அறியாத பயணிகளின் பசியாற்றினர். நவதிருப்பதிகளுள் ஒன்றான ஸ்ரீவைகுண்டத்தின் எல்லையில், வந்தவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தத் தெய்வத்தை வணங்கித் திரும்புகிறவர் என்று எவரும் வினவவில்லை. இதைவிடச் சிறந்த ததீயாராதனம் எது?

“அவரவர் வினைப்பயனை அவரவர் நுகர்கின்றனர், நாம் என் செய்வது?” என்று கூறுவோர் உண்டு. இது கேட்பதற்கு ஞானம் போல் தோன்றும். ஆராய்ந்தால் இரக்கமின்மைக்கு இட்ட திரையே ஆகும். வினை என்னும் சொல் நமது குறையை நாம் எண்ணித் திருந்துவதற்கு உரியது. அயலான் துயரை அளப்பதற்கு உரியதன்று. பிறர் படும் துன்பத்தைக் கண்டு உள்ளம் உருகுகிறதா என்பதைக் கொண்டே ஒருவன் தன்னிடம் வைணவத்தன்மை உண்டா இல்லையா என்று தானே அறியலாம் என்பது நஞ்சீயர் காட்டிய வழி. திருமண்ணும் துளசி மணியும் பிறருக்கு அடையாளம். இரக்கமோ நமக்கு நாமே பார்த்துக்கொள்ளும் அடையாளம்.

கோவர்த்தன வரலாற்றையும் நோக்குக. ஏழு நாட்கள் இடைவிடாது கல்மாரி பொழிந்தபோது, இம்மழை எவர் பிழையால் வந்தது என்று கண்ணபிரான் விசாரணை நடத்தவில்லை. முதலில் மலையை எடுத்தான். ஆயரையும் ஆநிரையையும் அதன் கீழ் அழைத்தான். ஆயர்கள் தத்தம் கோல்களையும் ஊன்றி மலையைத் தாங்கினர் என்று நம் ஊர்களில் கதை சொல்வதுண்டு. எம்பெருமானுக்கு அக்கோல்கள் தேவையில்லை. ஆனால் கோலை ஊன்றும் மனம் ஆயர்களுக்குத் தேவையாயிருந்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, தம் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து பல்லாயிரவரைக் காத்த மீனவர்கள் ஊன்றியதும் அத்தகைய கோலே.

இனி, உதவும் முறையைக் காண்போம். முதலாவது, ஆறுதல். வீடிழந்தவரிடம் உபதேசம் செய்தல் தகாது. அருகில் அமர்ந்து அவர் கூறுவதைக் கேட்டலே முதற்பணி. இரண்டாவது, தேவையறிந்து கொடுத்தல். கிழிந்த பழந்துணிகளை மூட்டையாகக் கட்டி அனுப்புவது கொடையாகாது. குடிநீர், உலர்ந்த போர்வை, மருந்து, குழந்தைக்குப் பால்மாவு, பெண்களுக்கு மாற்றுடை, மாணவருக்குப் புத்தகம் என்று கேட்டறிந்து தருதல் வேண்டும். மூன்றாவது, மானம் காத்தல். பெறுபவர் முகம் கூசாதபடி, விளம்பரமின்றிக் கொடுக்க வேண்டும். நான்காவது, தொடர்ந்து நிற்றல். முதல் வாரத்தில் உணவுப் பொட்டலம் தருவோர் பலர். மூன்றாம் மாதத்தில் உழவனுக்கு விதையும், நெசவாளிக்குத் தறியும், இடிந்த சுவருக்குச் செங்கல்லும் தருவோர் சிலரே. அச்சிலருள் ஒருவராக நாம் இருத்தல் வேண்டும்.

இவற்றோடு, துயர் வருமுன் காத்தலும் தொண்டேயாகும். அண்மையில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. ஏரியைப் பேணுவதற்கென்றே குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தனர் நம் முன்னோர். கரையைப் பலப்படுத்துவதும், கால்வாயைத் தூர் வாருவதும், நீர் செல்லும் வழியை அடைக்காதிருப்பதும் காணாத ஊரில் உள்ள ஒருவனது உயிரைக் காக்கும் செயல்கள். மேலூர்க் கரை உடைந்தால் கீழூர் அழியும் அன்றோ?

பெருமாள் நடவாவியில் எழுந்தருள வேண்டுமானால், கிணற்று நீரை இறைத்து மண்டபத்தை முன்னரே ஆயத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அதுபோல, நீர் சூழ்ந்த இல்லங்களிலிருந்து நீரையும் சேற்றையும் அகற்றி, அங்கு மீண்டும் விளக்கு எரியச் செய்வதும் அவனுக்கு இடம் ஆயத்தம் செய்வதே. உற்சவம் கண்டு ஊர் திரும்பும் அன்பர்கள், யாத்திரைச் செலவில் ஒரு சிறு பங்கை இத்தகைய பணிக்கென்று ஒதுக்கி வைப்பார்களாக. அடுத்த மழைக்காலத்தில் எந்த ஊருக்கு அது தேவைப்படும் என்பதை நாம் அறியோம். அது நம் ஊராகவும் இருக்கலாம்.

எங்கும் அளவோடு மழை பொழிக; எல்லோரும் நலமுற வாழ்க.