சீஸ் கடையில் என்ன கேட்பது?

சீஸ் கடைக்காரரிடம் போய் “எது நல்லது?” என்று கேட்டால், “எதற்கு?” என்றுதான் திருப்பிக் கேட்பார். பீட்சாவின் மேல் உருகி நூலாக இழுபட வேண்டுமா, பாஸ்தாவில் துருவித் தூவ வேண்டுமா, கல்லில் போட்டுச் சிவக்கச் சுட வேண்டுமா, ரொட்டியோடு அப்படியே தின்ன வேண்டுமா? இதைத் தீர்மானிக்காமல் பேரை மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள், விலை உயர்ந்த ஒரு துண்டைக் குளிர்பெட்டியில் ஒரு மாதம் வைத்திருந்து குப்பையில் போடுகிறார்கள்.

பாலில் உறைக்கான நுண்ணுயிர்களைச் சேர்த்து, ரென்னெட் என்னும் நொதியால் திரள வைத்து, நீரை வடித்து, உப்பிட்டு, முற்ற விடுவதுதான் சீஸ். எவ்வளவு நீர் வடிந்தது, எவ்வளவு காலம் முற்றியது என்ற இரண்டு விஷயங்கள் தெரிந்தால் பெயர் தெரியாத சீஸைக்கூட ஓரளவு கணித்துவிடலாம். நீர் மிகுந்தது மென்மையாக இருக்கும், சில நாளில் கெடும். நீர் குறைந்தது மாதக்கணக்கில் நிற்கும், சுவையும் செறிந்திருக்கும். பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்கள்கூட நன்கு முற்றிய கெட்டிச் சீஸைப் பெரும்பாலும் தொல்லையின்றிச் சாப்பிடலாம். பாலிலிருந்த லாக்டோஸ் என்னும் சர்க்கரை முற்றுவதற்குள் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடுகிறது.

உருகுவதற்கு மொசரெல்லா என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இத்தாலியின் கம்பானியா பகுதியில் எருமைப்பாலில் செய்து நீரில் மிதக்கவிட்டு விற்கிறார்களே, அந்த உருண்டையைப் பீட்சாவில் போட்டு நனைத்துவிடாதீர்கள். அது தக்காளியோடு பச்சையாகத் தின்ன. அடுப்புக்கு நீர் குறைந்த, கெட்டியான மொசரெல்லா போதும்; விலையும் குறைவு. உருகவே கூடாது என்றால் சைப்ரஸின் ஹலூமி. கல்லில் போட்டால் நம் பனீரைப் போலவே வடிவம் குலையாமல் சிவக்கும். உப்பு தூக்கல் என்பதால் மசாலாவில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

துருவுவதற்கு வரும்போது போட்டி பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கும் கிரானா படானோவுக்கும். பார்ப்பதற்கு இரண்டும் உடன்பிறப்புகள். பார்மிஜானோவின் சக்கரம் ஒன்று ஏறத்தாழ 40 கிலோ. அதற்குச் சுமார் 550 லிட்டர் பால் வேண்டும். முந்தின மாலைப் பாலை இரவெல்லாம் வைத்து ஆடை எடுத்து, காலைப் பாலோடு கலந்து, செப்புக் கொப்பரையில் காய்ச்சுகிறார்கள். பால், உப்பு, ரென்னெட் தவிர வேறெதையும் சேர்க்க விதி இடம் தராது. குறைந்தது 12 மாதம் முற்ற வேண்டும். அதன்பின் உற்பத்தியாளர் கூட்டமைப்பின் ஆய்வாளர் சின்னச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, எழும் ஓசையை வைத்து உள்ளே விரிசலோ பொந்தோ உண்டா என்று சொல்வார். இத்தாலியின் எமிலியா பகுதியில் கிரெடெம் என்ற வங்கி, முற்றிக்கொண்டிருக்கும் இந்தச் சக்கரங்களையே அடகாகப் பிடித்துக் கடன் கொடுக்கிறது. நகைக்கடன் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

கிரானா படானோ இன்னும் விரிந்த பரப்பில், போ ஆற்றுச் சமவெளியில், செய்யப்படுகிறது. 9 மாதத்திலேயே விற்பனைக்கு வரலாம். முட்டையிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற பொருளைச் சேர்க்கவும் அனுமதி உண்டு. சூப், கிரேவி, பாஸ்தா என்று சமையலில் கலந்துவிடப் போகிறீர்களென்றால் கிரானா போதும். வித்தியாசம் யாருக்கும் தெரியாது. கையில் உடைத்துத் தின்ன வேண்டுமானால் 24 மாதப் பார்மிஜானோ. பல்லில் நறநறவென்று படும் வெள்ளைப் பொடிகளை உப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவை புரதம் உடைந்து உருவான டைரோசின் படிகங்கள், நன்றாக முற்றியதன் அடையாளம். 36 மாதம் விலையைத்தான் அதிகம் ஏற்றுகிறது என்பது என் எண்ணம். எதுவானாலும் துண்டாக வாங்குங்கள், துருவிய பொட்டலம் வேண்டாம். கட்டிப்பிடிக்காமலிருக்க அதில் பெரும்பாலும் மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், மணமும் போயிருக்கும்.

அப்படியே தின்ன என்றால் என் ஓட்டு பிரான்ஸின் கோந்தேவுக்கு. சுவிஸ் எல்லையை ஒட்டிய ஜூரா மலைப்பகுதியில், பெரும்பாலும் மோன்பெலியார் இன மாடுகளின் பச்சைப்பாலில் செய்வது. குழியிலிட்டுப் புளிக்க வைத்த தீவனத்தை மாட்டுக்குப் போடக் கூடாது. கோடையில் புல், குளிர்காலத்தில் உலர்த்திய புல். அதனால் ஒரே ஊர்ச் சீஸே பருவத்துக்குப் பருவம் மாறும்: கோடைப் பாலில் செய்தது மஞ்சள் தூக்கலாக, குளிர்காலத்தது தந்த நிறத்தில். குறைந்தபட்சம் 4 மாதம். நல்ல கடைகளில் 12, 18, 24 மாதம் முற்றியவை கிடைக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் 20-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 14-க்கு மேல் வாங்கியதற்குப் பச்சைப் பட்டை, 12 முதல் 14 வரை பழுப்புப் பட்டை, 12-க்குக் கீழே கோந்தே என்ற பெயரே கிடையாது. பழுப்பு என்றால் பெரும்பாலும் தோற்றக் குறைதான், பயப்பட வேண்டாம். வறுத்த பருப்பு வாசமும் இலேசான பழ இனிப்பும் கொண்ட இந்தச் சீஸ் கூச்சமுள்ள நாக்கையும் விரட்டாது. வேண்டுமானால் அழகாக உருகவும் செய்யும். பக்கத்து நாட்டு கிரூயேர் இன்னும் கொஞ்சம் உப்பும் உறைப்பும் கூடியது. சீஸை உருக்கி ரொட்டி தோய்த்துத் தின்னும் ஃபோண்டூ செய்பவர்கள் அதையே எடுக்கட்டும்.

இனி நீலப் பூஞ்சை வகை. முதல் முறை தின்கிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் ஓடிப்போகிறார்கள். காரணம் பெரும்பாலும் தவறான தேர்வு: எடுத்த எடுப்பில் ரோக்ஃபோரை வாங்கிவிடுகிறார்கள். அது லக்கோன் இன ஆட்டின் (செம்மறி) பச்சைப்பாலில் செய்வது. தெற்கு பிரான்ஸில் கொம்பாலு மலைச்சரிவின் குகைகளில்தான் முற்ற வேண்டும். பாறை வெடிப்புகள் வழியே எப்போதும் குளிர்ந்த ஈரக்காற்று வீசிக்கொண்டிருக்கும். 1411-ல் ஆறாம் சார்லஸ் மன்னர் இந்த ஊராருக்கு உரிமை கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. 1925-ல் பிரான்ஸில் சட்டப்படி ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு பெற்ற முதல் சீஸும் இதுவே. உப்பு, காரம், செம்மறிப்பால் வாசம் மூன்றும் ஒன்றாக அடிக்கும். பழகியவர்களுக்கு இதற்கு ஈடில்லை. பழகாதவர்கள் இத்தாலியின் கோர்கொன்சோலாவில் தொடங்க வேண்டும், அதிலும் ‘டோல்சே’ என்று கேட்டு வாங்க வேண்டும். குழைவாக, இனிப்புச் சாயலோடு, பூஞ்சைக் காரம் மெலிதாக இருக்கும். ‘பிக்காந்தே’ என்பது அதையே கூடுதல் காலம் முற்றவிட்டது, நொறுங்கும், கடிக்கும்.

இங்கிலாந்தின் ஸ்டில்டன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, பசும்பாலில், வெண்ணெய்த்தன்மையோடு. டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்காம்ஷயர் என்ற மூன்று மாவட்டங்களில்தான் அதைச் செய்யலாம். வேடிக்கை என்னவென்றால், ஸ்டில்டன் கிராமம் இருப்பது கேம்பிரிட்ஜ்ஷயரில். அந்த ஊர்க்காரர்கள் செய்தால் அதை ஸ்டில்டன் என்று விற்க முடியாது. இந்த மூன்று நீலச் சீஸ்களிலும் பூஞ்சை உள்ளே படரும் விதம் ஒன்றுதான்: நீண்ட ஊசிகளால் குத்திக் காற்று புக விடுகிறார்கள். வெட்டிய முகத்தில் நேர்கோடாகத் தெரியும் நீலம் அந்த ஊசிப் பாதை. தேனோ பேரிக்காயோ சேர்த்துத் தின்றால் காரம் அடங்கும்.

நாற்றச் சீஸ்கள் தனிக்குலம். பிரான்ஸின் எப்வாஸ், பெல்ஜியத்தில் தோன்றிய லிம்பர்கர் போன்றவற்றின் மேல்தோலை உப்புநீரிலோ மதுவிலோ அடிக்கடி கழுவுகிறார்கள். அந்த ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்கள் மனிதப் பாதத்தில் வாழ்பவற்றுக்கு நெருங்கிய சொந்தம். மலேரியா பரப்பும் கொசு கால் நாற்றத்துக்கும் லிம்பர்கருக்கும் ஒரேபோல் ஈர்க்கப்படுகிறது என்று காட்டிய ஆய்வுக்கு 2006-ல் இக் நோபல் பரிசே கிடைத்தது. நாற்றம் தோலில்தான்; உள்ளே சாந்தமாக இருக்கும். கருவாட்டை ரசிக்கிற வீட்டில் இது ஒரு பொருட்டாகாது.

இனிப்புக்காரர்களுக்கு நார்வேயின் புருனோஸ்ட். சீஸ் செய்து மிஞ்சும் நீரைப் பாலாடையோடு சுண்டக் காய்ச்சியது. நிறமும் சுவையும் திரட்டுப்பாலுக்குப் பக்கத்தில் வரும். கொழுப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்பதற்கு ஒரு சாட்சி உண்டு: 2013 ஜனவரியில் 27 டன் புருனோஸ்ட் ஏற்றி வந்த லாரி வட நார்வேயில் ஒரு சுரங்கப்பாதையில் தீப்பிடித்து, நாட்கணக்கில் எரிந்தது.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ரென்னெட். பார்மிஜானோ, கிரானா படானோ, கோந்தே, கோர்கொன்சோலா, ரோக்ஃபோர் எல்லாவற்றிலும் கன்று அல்லது குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட்டே சேர்கிறது. விற்பவர் என்ன சொன்னாலும் மாற்றில்லை. ஸ்டில்டனில் இரண்டு வகையும் உண்டு, உறையைப் பார்த்து வாங்க வேண்டும். பிரிட்டனின் செடாரில் பெரும்பகுதி விலங்கு ரென்னெட் இல்லாமல் செய்வது. ஒரு வருடத்துக்குமேல் முற்றிய நல்ல செடார் கிடைத்தால் சைவ வீட்டுக்குக் கோந்தே இல்லாத குறை தெரியாது. இந்தியாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். கர்ப்பிணிகள் மென்மையான பூஞ்சைத்தோல் வகைகளையும், மென்மையான நீலச் சீஸ்களையும், பச்சைப்பாலில் செய்த மென்மையான வகைகளையும் தவிர்க்க வேண்டும். லிஸ்டீரியா கிருமி கருவைப் பாதிக்கும்.

வீட்டுக்கு வந்தபின் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றாமல் எண்ணெய்த்தாளில் மடித்து வையுங்கள். தின்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். குளிரில் எந்தச் சீஸும் வாய் திறக்காது. கெட்டிச் சீஸில் புதிதாகப் பூஞ்சை கண்டால் ஓர் அங்குலம் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். மென்மையானதில் கண்டால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். பார்மிஜானோவின் காய்ந்த தோலை மட்டும் வீணாக்காமல் சூப் கொதிக்கும்போது போடுங்கள்.

முதல் முறை கடைக்குப் போகிறவருக்கு என் பட்டியல் சின்னது: 12 மாதக் கோந்தே 150 கிராம், கோர்கொன்சோலா டோல்சே 100 கிராம். சைவமென்றால் இரண்டுக்கும் பதிலாக முற்றிய செடாரும், உறையில் சைவம் என்று போட்ட ஸ்டில்டனும். ரோக்ஃபோர் மூன்றாவது முறைக்கு இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் ஒரு சீவல் சுவைக்கத் தரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள்.