"படம் எப்படி?" – மெய்ப்பாட்டியல் தரும் விடை

முன்னுரை

திரையரங்கை விட்டு வெளியே வரும் எவரும் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, "படம் எப்படி?" என்பதாகும். நம்மில் பெரும்பாலோர் இக்கேள்விக்கு "சூப்பர்", "செம", "ஓகேலா", "ஸ்லோ", "போர்" என்னும் ஐந்து சொற்களுள் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்தவள்தான். இச்சொற்கள் நம் கருத்தைச் சொல்கின்றனவா, அல்லது கருத்துச் சொல்வதிலிருந்து நம்மைத் தப்பிக்க வைக்கின்றனவா? இவ்வினாவை, அண்மைக்கால சூப்பர் ஹீரோ படங்களையும் பழைய குடும்பப் படங்களையும் அருகருகே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் துணையாகக் கொண்டுள்ளேன்.

கட்டுரை பிறந்த கதை

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அப்போது நான் இளங்கலை மாணவி. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' திரைக்கு வந்த வாரத்திலேயே விடுதித் தோழியர் ஐவர் சேர்ந்து பார்க்கச் சென்றோம். 181 நிமிடப் படம். இறுதியில் ஐவரும் அழுதோம். பிறகு மாமாக் கடையில் தே தாரேக்கை வைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டியும் பேசினோம். பேசியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். இடையிடையே மலாய். தமிழ் தலைகாட்டியது "செமலா" என்ற இடத்தில் மட்டுமே.

வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். "மூனு மணி நேரம் அப்படி என்னதான் காட்டுனான்?" என்று அம்மா கேட்டார்.

"சண்டைம்மா. கிராபிக்ஸ் செம. கடைசியில ஹீரோ செத்துருவான்."

"அதுக்கா அழுதேன்னு சொன்ன?"

என்னிடம் விடை இல்லை. ஏன் அழுதேன் என்பது எனக்குத் தெரியும். அதை அம்மாவிடம் சொல்லத் தமிழ் வரவில்லை.

அன்று பிற்பகல் தொலைக்காட்சியில் 'பாசமலர்' ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் அருகில் பத்து நிமிடம் அமர்ந்தேன். "ரொம்ப ஸ்லோவா போகுதும்மா" என்றேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. முதலில் ஒலியைக் குறைத்தார். சிறிது நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாட்டியின் மடியில் அமர்ந்து அம்மா பார்த்த படம் அது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரே வீட்டில் இருவர். இருவரும் படம் பார்த்து அழுதவர்கள். ஆனால், அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச முடியவில்லை. இதற்குத் தலைமுறை இடைவெளியைக் காரணம் சொல்லலாம். என்னைப் பொறுத்தவரையில் குறை என் சொல்வளத்தில்தான் இருந்தது.

மெய்ப்பாடு என்றால் என்ன?

அந்தப் பருவத்தில் தொல்காப்பியப் பொருளதிகாரம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. அதன் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் நிகழும் உணர்வு உடம்பின் வழியே வெளிப்பட்டுப் பிறருக்குப் புலனாவதே மெய்ப்பாடு. கண்ணீர், சிரிப்பு, நடுக்கம், மயிர்க்கூச்சு ஆகியவற்றை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். சிரிப்பு நகை எனப்படும். துயரம் அழுகை. இழிவுணர்வு இளிவரல். வியப்பு மருட்கை. பயம் அச்சம். தலைநிமிர்வு பெருமிதம். சினம் வெகுளி. மகிழ்ச்சி உவகை. இவ்வளவோடு அவர் நின்றிருந்தால் இது வெறும் பட்டியலாகவே இருந்திருக்கும். ஒவ்வொரு மெய்ப்பாடும் எந்தக் காரணத்தால் பிறக்கிறது என்பதையும் நான்கு நான்காகப் பிரித்து, மொத்தம் 32 நிலைக்களன்களைத் தருகிறார். தேர்வுக்காக அவற்றை மனனம் செய்தேன். அவை அம்மாவுக்கு நான் சொல்லத் தவறிய விடைக்கும் பயன்படும் என்பதை அப்போது உணரவில்லை.

தொல்காப்பியர் செய்யுளுக்காக எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்றவற்றை அளக்க இவ்வியல் உதவாது. ஆயினும், "எனக்கு என்ன நேர்ந்தது, எதனால் நேர்ந்தது?" என்னும் இரு வினாக்களுக்கு இதைவிடத் தெளிவான கருவியை நான் கண்டதில்லை.

சூப்பர் ஹீரோ படங்கள்: மருட்கையும் பெருமிதமும்

சூப்பர் ஹீரோ படம் என்றதும் நினைவுக்கு வருவது மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். இங்குப் பெருமை என்பது பேருருவம்; சிறுமை என்பது மிக நுண்ணிய வடிவம். ஆக்கம் என்பதற்கு ஒன்று திரிந்து மற்றொன்றாதல் என உரையாசிரியர் பொருள் கூறுவர். மெலிந்த அறிவியலாளர் பச்சை நிற ஹல்க்காக மாறுவது ஆக்கம். 2015இல் வந்த 'ஆண்ட்-மேன்' படத்தில் நாயகன் எறும்பளவு சுருங்குவது சிறுமை. "கிராபிக்ஸ் செம" என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றையே குறிக்கிறது.

ஆனால், மருட்கை நம்மை அழவைக்காது. 'எண்ட்கேம்' எங்களை அழவைத்தது வேறொன்றால். அதுவே பெருமிதம். கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன அதன் நிலைக்களன்கள். சூப்பர் ஹீரோ என்றாலே தறுகண், அதாவது அஞ்சாமை, என்று எண்ணிவிடுகிறோம். டோனி ஸ்டார்க்கின் முடிவை எண்ணிப் பாருங்கள். படத்தின் தொடக்கத்தில், மற்றவர்கள் உதவி கேட்டு வரும்போது அவன் முதலில் மறுக்கிறான். அவனுக்கு ஏரிக்கரையில் வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், சின்னஞ்சிறு மகள் இருக்கிறாள். இழப்பதற்கு எல்லாம் உள்ளவன் இறுதியில் தன் உயிரைத் தருகிறான். இது தறுகணைக் கடந்த கொடை. தருபவனிடம் என்ன இருந்தது என்பதை நாம் அறிந்தால்தான் கொடையின் எடை நமக்குப் புலப்படும்.

பழைய படங்கள்: அழுகையின் நான்கு வாயில்கள்

அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் உண்டு. இளிவு பிறரால் இகழப்படுவது. இழவு அன்புக்குரியோரையோ உடைமையையோ இழப்பது. அசைவு முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்வது. வறுமை இல்லாமை. "அழுகாச்சிப் படம்" என்று நாம் ஒரே சொல்லில் ஒதுக்கும் படங்களுக்குள் இத்தனை வேறுபாடுகள் உள்ளன.

நம் மண்ணுக்கு நெருக்கமான ஒரு சான்றைக் காண்போம். பி. ரம்லி இயக்கி நடித்து, சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் உருவாகி, 1962இல் வெளிவந்த மலாய்ப் படம் 'இபு மெர்துவாக்கு'. 'என் மாமியார்' என்பது இதன் பொருள். இசைக் கலைஞன் என்பதற்காகவே பணக்கார மாமியார் காசிம் செலாமாட்டை இகழ்கிறார்; இது இளிவு. காதலித்து மணந்தவர்கள் பினாங்கில் படும் பாடு வறுமை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு சென்ற மனைவி இறந்துவிட்டாள் என்று மாமியார் பொய்ச்செய்தி அனுப்ப, அழுதழுதே காசிம் பார்வையை இழக்கிறான், இது இழவு. மேடையில் கைத்தட்டல் பெற்ற கலைஞன் பிறர் கைபிடித்து நடக்கும் நிலைக்கு வருவது அசைவு. நான்கு வாயில்களும் ஒரே படத்தில் திறக்கின்றன. அதனால்தான், உண்மை தெரிந்தபின் மீண்டு வந்த பார்வையை அவன் தானே அழித்துக்கொள்ளும் காட்சி மலேசியர் நினைவில் இன்றும் நிற்கிறது என்பது என் கருத்து.

'பாசமலர்' 1961இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்தது. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணன் தங்கையாக நடித்தனர். தங்கை பொம்மை செய்து சேர்த்த பணத்தை முதலாக வைத்துத் தொழிலாளியான அண்ணன் முதலாளியாகிறான். பின்னர், குடும்பப் பிளவில் தங்கையைப் பிரிந்து, செல்வத்தையும் விட்டு, இறுதியில் பார்வையும் இன்றி அவளிடம் வருகிறான். இருவரும் உயிர்விடுகின்றனர். இழவு இறுதிக்காட்சியில்தான் வருகிறது. படத்தின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பது அசைவே எனலாம்.

"ஸ்லோ" என்பதன் பொருள்

இங்கேதான் என் தவறு எனக்குப் புரிந்தது. அசைவு நம்மைத் தாக்க வேண்டுமானால், ஒருவன் முன்பு எப்படி இருந்தான் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். அதைக் காட்ட நேரம் பிடிக்கும். நான் "ஸ்லோ" என்று சொன்ன பத்து நிமிடம், பின்னால் விழப்போகும் வீட்டுக்கு இயக்குநர் கல் அடுக்கிய நேரம்.

அப்படியானால் 'எண்ட்கேம்' மட்டும் எப்படி வேகமாக இருந்தது? உண்மையில் அது வேகமான படமே அன்று. அது அத்தொடரின் 22ஆவது படம். 2008இல் 'ஐயன் மேன்' வழியாக அறிமுகமான டோனி ஸ்டார்க்கை நாங்கள் பதினோரு ஆண்டுகளாக அறிந்திருந்தோம். பிற்காலத்து 'எண்ட்கேமு'க்கான கற்களை அடுக்கும் வேலையை முந்தைய 21 படங்கள் செய்து முடித்திருந்தன. பீம்சிங்குக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு படம். முதலாளியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அந்த ஒன்றிலேயே அவர் காட்டியாக வேண்டும். பதினோரு ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்த நான், அம்மாவின் படத்துக்குப் பத்து நிமிடம் தரவில்லை.

நகையா, அழுகையா?

சூப்பர் ஹீரோ படங்கள் அசைவை எப்படிக் கையாள்கின்றன என்பதும் நோக்கத்தக்கது. 'எண்ட்கேமி'ல் தோர் ஐந்து ஆண்டுகளாகக் குடியில் மூழ்கி, உடல் பருத்து, வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறான். நாட்டையும் குடும்பத்தையும் இழந்தவனின் வீழ்ச்சி இது, ஐயமின்றி அசைவு. ஆனால், திரையரங்கமே சிரித்தது. நகையின் நிலைக்களன்களான எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றுள் எள்ளலை இயக்குநர்கள் தேர்ந்தெடுத்திருந்தனர். அழுகைக்குரிய காரணத்தை வைத்துக்கொண்டு நகையைக் கேட்டனர். கடந்த காலத்துக்குச் சென்று இறந்துபோன தாயைச் சந்திக்கும் காட்சியில்தான் தோர் எள்ளலிலிருந்து மீள்கிறான். நானும் சிரித்தவள்தான். அச்சிரிப்பு பொருத்தமானதா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு. "காமெடி சூப்பர்" என்று சொல்லிக் கடந்திருந்தால் இந்த ஐயமே எழுந்திருக்காது.

ஒரு சிறு பயிற்சி

அடுத்த முறை படம் பார்த்துவிட்டு வரும்போது கீழ்க்காணும் மூன்று படிகளை முயன்று பாருங்கள்.

முதலாவது, எட்டு மெய்ப்பாடுகளுள் உங்களிடம் மிகுதியாகத் தோன்றியது எது எனச் சொல்லுங்கள். இரண்டாவது, அது எந்த நிலைக்களனில் பிறந்தது என ஒரு காட்சியைச் சுட்டிக் காட்டுங்கள். காட்சியைச் சுட்ட முடியாவிட்டால் அது இன்னும் கருத்தாகவில்லை என்று கொள்ளுங்கள். மூன்றாவது, படம் உங்களிடம் கேட்ட மெய்ப்பாடும் உங்களுக்குத் தோன்றிய மெய்ப்பாடும் ஒன்றுதானா எனப் பாருங்கள். வேறுபட்டால் அங்கேதான் நல்ல உரையாடல் தொடங்கும். இருவர் ஒரே காட்சிக்கு வெவ்வேறு நிலைக்களன் சொன்னால், யார் சரி என்று முடிவுகட்ட அவசரப்பட வேண்டாம்.

முடிவுரை

பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, பழைய கேள்விக்கு விடை சொன்னேன். "அவன் முதல்ல வரமாட்டேன்னுதான் சொல்றான்மா. வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்கு, சின்னப் பிள்ளை இருக்கு. எல்லாம் இருந்தும் உயிரைக் குடுத்துட்டுப் போறான். அதான் அழுதேன்."

அம்மா சற்று யோசித்தார். "இருக்கிறவன் குடுக்கிறது பெருசுதான். ஆனா, பாசமலர்ல அண்ணன் கடைசியா வர்றப்போ குடுக்கக் கையில ஒன்னும் இல்ல. கண்ணுகூட இல்ல. அப்படியும் தங்கச்சியப் பார்க்கணும்னு வந்தான் பாரு, எனக்கு அதுதான் பெருசு."

நான் கொடையின் பக்கம் நின்றேன். அம்மா, அச்சொல்லை அறியாமலேயே, அசைவின் பக்கம் நின்றார். நெடுநேரம் வாதாடினோம். உடன்பாடு ஏற்படவில்லை. ஆனால், முழுக்க முழுக்கத் தமிழிலேயே பேசினோம். அன்றிரவு 'பாசமலரை' முதலிலிருந்து இறுதிவரை அம்மாவோடு பார்த்தேன். பதிலுக்கு அம்மாவும் ஒருநாள் என்னோடு அமர்ந்து 'எண்ட்கேம்' பார்த்தார்.

முதல் ஒரு மணி நேரம் ரொம்ப ஸ்லோவாம். எந்த இடத்தில் என்று கேட்டிருக்கிறேன். அதற்காக மறுபடியும் பார்க்க வேண்டும் என்கிறார்.