எப்போதாவது காய்ந்திருக்கிறாளா என்று கேள்

அன்புத் தம்பிக்கு,

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் சேர்ந்துவிட்டாய். இனி ‘துணியிலேயே ஒன்னுக்குப் போயிடுறா’ என்ற புகாரோடு பிள்ளைகள் வந்தபடியே இருப்பார்கள். 5 வயதில் 100 பேரில் 15 பேர் வரை இரவில் படுக்கையை நனைக்கிறவர்கள்தான். அநேகமாக எல்லோருக்கும் வளர வளரச் சரியாகிவிடும். அந்தக் கூட்டத்துக்குள்தான் அபூர்வமாகப் பிறவிக் கோளாறுள்ள ஒருத்தியும் நிற்பாள். அவளைத் தவறவிட்டுவிடாதே.

எத்தனை தடவை நனைக்கிறாள் என்பதோடு நிறுத்தாமல், எப்போதாவது காய்ந்திருக்கிறாளா என்று அம்மாவிடம் கேள். “நேரத்துக்கு ஒழுங்காத்தான் போறா டாக்டர். போயிட்டு வந்த அஞ்சு நிமிஷத்துல மறுபடி ஈரம். ராத்திரி பகல்னு இல்ல” என்று பதில் வந்தால், மாத்திரை எழுதப்போன பேனாவை மூடிவை.

சில பெண் குழந்தைகளுக்கு ஒரு சிறுநீரகம் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு குழாய்களோடு உருவாகியிருக்கும். மேல்பாதியின் குழாய் சிறுநீர்ப்பைக்குள் சேராமல், நீரை அடக்கிவைக்கும் சுருக்குத்தசைக்குக் கீழே, வெளித்துவாரத்தை ஒட்டியோ பிறப்புறுப்புப் பாதையிலோ திறந்துவிடும். பை நிறைவதும் காலியாவதும் ஒழுங்காக நடக்கும். இன்னொரு வழியில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆண் பிள்ளைகளுக்கு இடம் மாறிய குழாய் அந்தத் தசைக்கு மேலேயே திறப்பதால் இப்படி ஒழுகாது.

அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், அவசரப்படாமல் பார். தொடையிடுக்கு சிவந்து புண்ணாகியிருக்கும். துடைத்துவிட்டுக் காத்திரு, மறுபடி ஒரு துளி ஊறி நிற்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் செலுத்தி, வெளியே வெள்ளைப் பஞ்சை வை. பஞ்சு நனைந்தும் நீலம் ஏறவில்லையா? அந்த நீர் பையிலிருந்து வரவில்லை.

‘ஸ்கேன் நார்மல்’ என்ற தாளைக் கண்டு அடங்கிவிடாதே. அந்த மேல்பாதி பல சமயம் சிறுத்துக் கிடக்கும், அல்ட்ராசவுண்டுக்குத் தப்பிவிடும். அம்மா சொன்னது அழுத்தமாக இருந்தால் எம்.ஆர். யூரோகிராபி வரை போ. வேலை செய்யாத பகுதியை எடுத்துவிடலாம். வேலை செய்தால் அதன் குழாயைச் சரியான இடத்தில் இணைத்துவிடலாம். ஒழுகல் நின்றுவிடும். நம் தொழிலில் இவ்வளவு முழுமையாகத் தீர்த்துவைக்கக் கிடைக்கிற துன்பங்கள் குறைவு, தம்பி.

பையன் வந்தால், அவன் சிறுநீர் போவதை நீயே நின்று பார். முக்கி முக்கி மெல்லிய தாரையாக வந்தால், பின்புறச் சிறுநீர்த்தாரையில் பிறவி வால்வு இருக்கலாம். ஹ்யூ ஹாம்ப்டன் யங் 1919இல் வகைப்படுத்தி எழுதிய கோளாறு அது. தாமதித்தால் சிறுநீரகமே கெட்டுவிடும். யாராக இருந்தாலும், தண்டுவடக் கோளாற்றின் அடையாளமாகக் கீழ்முதுகில் முடிக்கற்றையோ குழியோ உண்டா என்றும் திருப்பிப் பார்.

உன்னிடம் வந்து சேர்வதற்குள் அந்தப் பிள்ளை எத்தனையோ அடியும் ஏச்சும் வாங்கியிருக்கும். காரணம் தெரியும்வரை காத்திராதே. முதல் நாளே, அவள் காதுபட, “இவ வேணும்னு செய்யல, அடிக்காதீங்க” என்று வீட்டாரிடம் சொல். கேட்டபோதெல்லாம் கழிப்பறைக்கு விடும்படியும், மாற்றுடை வைத்துக்கொள்ள இடம் தரும்படியும் அவள் டீச்சருக்கு உன் கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்